சொல்லாமல் போகிறவர்கள்

"தெரியலை டாக்டர்" என்றார் எழுத்தாளர், சோபாவில் மல்லாந்து படுத்தபடி. வந்த நாளிலிருந்து இதே பதில்தான்.

டாக்டருக்கு அலுத்துவிட்டது. தூக்கம் வரவில்லை என்று வந்த மனிதர், அம்மாவைப் பற்றிக் கேட்டாலும் மனைவியைப் பற்றிக் கேட்டாலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தால் அவள் என்னதான் செய்வாள்? ஊரே கொண்டாடும் எழுத்தாளருக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல நாலு வார்த்தை கிடைக்கவில்லை.

மனுஷன் வாயைத் திறக்காவிட்டால் போகட்டும், எழுதியது பேசாதா? அவருடைய சிறுகதைத் தொகுப்பை வாங்கி, ஒரே மூச்சில் படித்துவிட்டு வந்திருந்தாள்.

"உங்க கதையில எல்லாரும் கிளம்பிப் போயிடறாங்க, கவனிச்சீங்களா? மாலுமி கரையில இறங்கி அப்படியே நடக்கறான். சமையல்காரன் அடுப்பைக்கூட அணைக்காம போறான். ஒருத்தனும் வீட்ல சொல்லிக்கிறதில்லை."

"சமையல்காரனா?" எழுத்தாளர் நெற்றியைச் சுருக்கினார். "அது எந்தக் கதை?"

டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டாள். "தொகுப்போட தலைப்பே அந்தக் கதைதான் சார். மனசு எதை மறைக்கணுமோ அதைத்தான் முதல்ல மறக்கும்."

அவர் மறுபடியும் மின்விசிறிக்குப் போய்விட்டார்.

இனி சுற்றி வளைத்துப் பயனில்லை. "நானே சொல்லிடறேன். இதை எழுதின மனசுக்கு அந்த வீட்ல மூச்சு முட்டுது. கூட வாழறவங்க மேல கோபம்கூட இல்லை, அந்தக் கட்டமெல்லாம் தாண்டியாச்சு. கடைசிக் கதையில பெட்டி கட்டி வாசல்ல வச்சாச்சு. கிளம்ப வேண்டியதுதான் பாக்கி."

எழுத்தாளர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளிறிவிட்டது. "நிஜமாவா சொல்றீங்க?"

"வாய் பொய் சொல்லும் சார், கதை சொல்லாது. வீட்டுக்குப் போய் உங்க மனைவிகிட்ட மனசு விட்டுப் பேசுங்க. பாவம், அவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் கைபேசியை எடுத்தார். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"யாருக்கு சார் இவ்வளவு அவசரமா?"

"என் மனைவிக்கு." மறுபடியும் அழைத்தார். "எழுதறதெல்லாம் அவதான் டாக்டர்."