ஓய்வெடுக்காதவர்

டெய்லரம்மா போனை வைத்தாள்; கடிகாரத்தைப் பார்த்தாள்; செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பட்டியலில் இன்னும் ஐந்து பேர் பாக்கி.

"எங்கே, உலாவப் போறீங்களாக்கும்?" என்றார் தியாகி. உதட்டின் ஓர் ஓரம் மட்டும் கீழே இறங்கியது.

"ஆமா சார், ரெண்டு போன் பேசியாச்சு. கால் மணி நேரம் மரத்தடியில நின்னுட்டு வரேன். நீங்களும் வாங்களேன், காத்து நல்லாயிருக்கு."

"எனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கும்மா."

"அதையும் கூட்டிட்டு வாங்க சார், உக்காந்தே கிடந்தா அதுக்கும் முதுகு வலிக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

தனியாக வசிக்கிறவர்களைத் தினமும் போனில் கூப்பிட்டு ஆதரவாகப் பேசுவது அந்தச் சங்கத்தின் வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் விதிகள் இரண்டு உண்டு: இரண்டு அழைப்புக்கு ஒரு தரம் கால் மணி ஓய்வு, வாரம் ஒரு தரம் பொறுப்பாளர் அம்மாவிடம் உட்கார்ந்து, தன் மனக்குறையைக் கொட்டிவிட வேண்டும்.

தியாகி இரண்டையும் சீந்தியதில்லை. ஊராருக்கு உழைக்க வந்தவன் மரத்தடியில் நிற்பதும், மூக்கைச் சிந்திக்கொண்டு சொந்தக் கதை சொல்வதும் சேவையில் சேர்த்தியா? நான்கு வருடத்தில் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. 'தியாகி' என்று சக ஊழியர்கள் வைத்த பெயரைக்கூட, எதற்காக வைத்தார்கள் என்று விசாரிக்காமலே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

இன்று நாலரை மணிக்கு முடிவு தெரிந்துவிடும். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவரை நியமிக்கப் போகிறார்கள். போட்டியில் இருப்பது இரண்டே பேர்: அவரும் இந்த உலாவல் ராணியும். அந்தப் பொறுப்பு தமக்குக் கிடைக்காவிட்டால் நான்கு வருடமும் வீண் என்று அவருக்குத் தோன்றியது.

மூன்று மணி. ஓய்வு பெற்ற போஸ்ட்மேனைக் கூப்பிடும் நேரம். மனைவி போன பிறகு ஒற்றை ஆளாய்க் கிடப்பவர். மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் என்றால் இவருக்கு மட்டும் தியாகி முழுசாக ஒரு மணி நேரம் ஒதுக்குவார்.

பாவம், மனுஷன் அதிகம் பேசமாட்டார். "ம்", "அடடா", "அப்புறம்?" அவ்வளவுதான். துக்கம் தொண்டையை அடைத்திருக்கும். பேச்சு அறுந்துவிடாமல் தியாகிதான் பார்த்துக்கொள்வார். போனை வைக்கும்போது தமக்கே நெஞ்சு லேசாகியிருக்கும். சேவையின் பலன் உடனே தெரிகிறது என்று நினைத்துக்கொள்வார்.

இன்று மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மூன்று தரம், நான்கு தரம், ஏழு தரம். தியாகி எழுந்து நின்றுகொண்டு மறுபடியும் அதே எண்ணை அழுத்தினார். நம் குரல் கேட்காமல் அந்த மனுஷன் என்ன ஆனாரோ!

நாலரைக்குப் பொறுப்பாளர் அம்மா இருவரையும் தம் அறைக்கு அழைத்தார்.

"பழகினவர் ஒருத்தர் போனை எடுக்கலேன்னு நான் துடிச்சுக்கிட்டிருக்கேன்" என்று ஆரம்பித்தார் தியாகி. "இந்தம்மா அந்த நேரத்துல மரத்தடியில வேர்க்கடலை கொறிச்சிட்டிருந்தாங்க. புதுசா வர்றவங்களுக்கு இவங்க எதைச் சொல்லிக் கொடுப்பாங்க? தோல் உரிக்கிறதையா?"

"கடலை நல்லா வறுத்த கடலை சார். உங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் டெய்லரம்மா.

"பார்த்தீங்களா அம்மா! தன்னைக் கவனிச்சுக்கிறதுக்கே நேரம் பத்தலே. இவங்க எங்கே அடுத்தவங்களைக் கவனிக்க?"

கதவு தட்டப்பட்டது. கஞ்சி போட்ட சட்டையும் தோளில் ஒரு பயணப் பையுமாக ஒரு முதியவர் எட்டிப் பார்த்தார்.

"போன்ல பேசுற சங்கம் இதுதானே? நான் போஸ்ட்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். தினம் மூணு மணிக்கு எனக்கு ஒரு சார் பேசுவார்."

தியாகி நாற்காலி சாய எழுந்தார். தெய்வமே சாட்சியை அனுப்பி வைத்ததுபோல் இருந்தது.

"ஐயா! நான்தான் அது! நல்லா இருக்கீங்களா? உள்ளே வாங்க." அவர் கையைப் பிடித்து இழுத்து மேஜை முன்னால் நிறுத்தினார். டெய்லரம்மாவை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "சரியான நேரத்துல வந்தீங்க. இவங்களுக்கு உங்க வாயாலேயே சொல்லுங்க. அந்த மூணு மணி போன் எவ்வளவு முக்கியம்னு சொல்லுங்க!"

"முக்கியம்தாம்மா, இல்லேங்கலே" என்றார் முதியவர். பொறுப்பாளரைப் பார்த்துச் சங்கடமாகக் கைகளைக் கூப்பினார். "அதனாலதான் சொல்லாம கிளம்ப மனசு வரலே. ஒரு வருஷமா ஒரு நாள் தவறாம கேட்டுட்டேன். கொஞ்சம் களைப்பா இருக்கு, சிநேகிதங்களோட பத்து நாள் வெளியூர் போயிட்டு வரேன்."

"தாராளமா போயிட்டு வாங்க ஐயா. எங்களால ஏதாவது ஆகணுமா?" என்றார் பொறுப்பாளர் அம்மா.

"நான் திரும்பி வர்ற வரைக்கும், இந்த சார் அழுறதைக் கேக்க வேற யாரையாவது போடுங்க."