பேணாட்டின் மணிக்கூடு

"இக்னேசியஸ் அண்ணை, இதுக்குள்ள உங்கட நம்பர் இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

பொலிஸ்கார ஜமால்தீன் ஈரமான லேஞ்சித் துணி ஒன்றை மணிக்கூட்டுக் கடை மேசையில் விரித்தார். உள்ளே ஒரு கைமணிக்கூடு. கண்ணாடி இல்லை, முள் இல்லை, வார் இல்லை.

இக்னேசியஸ் அதைத் தொடவில்லை. "எங்க எடுத்தது?" என்று மட்டும் கேட்டார்.

"கிண்ணியாக் கரையில ஒரு சவம் ஒதுங்கிக் கிடந்தது. முகத்தை மீன் திண்டிட்டுது. அடையாளம் சொல்ல இது ஒண்டுதான் மிச்சம்."

புயலன்று காலை மூதூருக்குப் போன வள்ளம் போய்ச் சேரவில்லை. அதில் ஆறு பேர். துறைமுகக் கந்தோரில் கிளார்க்காக இருந்த பேணாட் அவர்களில் ஒருவர். இக்னேசியஸின் ஒரே மகன் ஜெறோம் இன்னொருவன். நாலு நாளாக இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

மணிக்கூட்டின் வெளிக்கூட்டை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. வெள்ளைக்காரனின் கடற்படை மூட்டை கட்டிக்கொண்டு போனபோது ஏலத்தில் விட்ட உருக்குக் கூடுகள்தான் துறைமுகத்துப் பாதிப் பேரின் கையில். இக்னேசியஸ் கூட்டை ஏலத்தில் எடுப்பார், டயலைக் கொழும்பில் எடுப்பார், மெஷினை எங்கே கிடைக்கிறதோ அங்கே எடுப்பார். மூன்றையும் சேர்த்து ஆளுக்கேற்ற மணிக்கூடு கட்டிக் கொடுப்பார்.

ஜெறோமுக்கும் ஒன்று கட்டியிருந்தார். மகனுக்கு ஏனோதானோ என்று ஒரு மெஷினைப் போட மனம் வரவில்லை. இரண்டு வருஷம் தேடி, இந்த வருஷம்தான் நல்லதொன்று வாய்த்தது.

திருத்தக் கொடுத்தால் நல்ல மெஷினை உருவிவிட்டு ஓட்டை மெஷினைப் போட்டுவிடுவான் என்று மணிக்கூட்டுக் கடைக்காரரைப் பற்றி ஊருக்கு எப்போதும் ஒரு பயம். அந்தப் பேச்சு தன் கடைக்கு வரக்கூடாது என்று இக்னேசியஸ் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முதல் தடவை கைக்கு வருகிற மெஷினின் பித்தளையில், அழிக்க முடியாதபடி, ஒரு எண்ணைக் கீறுவார். அந்த எண்ணுக்கு நேரே கொப்பியில் சொந்தக்காரரின் பெயரை எழுதுவார். பொலிசுக்கும் அது தெரியும்.

மூடியைத் திறந்து, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"சொல்லுங்கோ அண்ணை."

"இருநூற்றுப் பதினேழு."

ஜமால்தீனே கொப்பியைப் புரட்டினார். "இருநூற்றுப் பதினேழு... பேணாட், துறைமுகக் கந்தோர். சரிதானே?"

இக்னேசியஸ் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றவில்லை. "கொப்பியில அப்பிடித்தான் இருக்கு."

கடைக்குப் பின்னால், குசினி வாசலில் செபமாலையோடு நின்ற அவர் மனைவி மரியம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "மாதாவே, அது என்ர பிள்ளை இல்லை!" என்றாள். மறுநிமிஷம் பேணாட்டின் மனைவி றீற்றாவை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்றவளின் மனம் அது. அவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

சவத்தை வைத்திருக்க ஏலாது என்று அன்று பின்னேரமே அடக்கம். ஆணி அடித்த பெட்டியாகத்தான் றீற்றாவுக்குக் கிடைத்தது. யாரும் கேட்காமலே முதலில் தோள் கொடுத்தவர் இக்னேசியஸ். சவக்காலையிலும் பெட்டியின் தலைமாட்டை விட்டு அவர் அசையவில்லை. சின்னப் பிள்ளைபோல விம்மி விம்மி அழுதார்.

"ஒரு வாடிக்கைக்காரனுக்கு இப்பிடி அழுற மனுசனை நான் காணேல்லை" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். "தன்ர பிள்ளையையும் காணேல்லைத்தானே, அந்தப் பயம்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

சுவாமியார் செபத்தை முடித்துத் தீர்த்தம் தெளித்தார். நாலு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். அப்போது றீற்றா தள்ளாடி வந்து, அந்த லேஞ்சிப் பொட்டலத்தை இக்னேசியஸிடம் நீட்டினாள்.

"இதை நீங்களே வைச்சிருங்கோ அண்ணை. என்னால பாத்துக்கொண்டிருக்க ஏலாது." பொட்டலத்தை நீட்டியபடியே தொடர்ந்தாள். "ஆடியில உங்களிட்டத் திருத்தி எடுத்த நாள் துவக்கம் மணிக்கூடு பிந்துது, பிந்துது எண்டு புறுபுறுத்துக்கொண்டே இருந்தவர். பழியை உங்களிலதான் போட்டவர். நான் விடேல்லை. 'அந்த மனுசன் சத்தியவான், கண்டபடி கதையாதேங்கோ' எண்டு சண்டை பிடிச்சனான். வள்ளம் ஏறின அண்டைக்கும் நான் அவரோட கதைக்கேல்லை, அண்ணை."

இக்னேசியஸ் பொட்டலத்தை வாங்கக் கை நீட்டவில்லை. எதிரே மரியம்மா நின்றாள். மகன் எங்கோ கரை சேர்ந்திருப்பான் என்ற தெம்பில், நாலு நாளைக்குப் பிறகு அன்றுதான் தலைவாரியிருந்தாள். அவளைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

பெட்டி குழிக்குள் இறங்கத் தொடங்கியது.

"நிப்பாட்டுங்கோ!"

இக்னேசியஸ் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். ஈர மண்ணில் முழங்கால் புதைய, றீற்றாவின் முகத்தை அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"பேணாட்டின்ர மெஷினைக் கழட்டி நான் ஜெறோமின்ர மணிக்கூட்டில போட்டனான், பிள்ளை."