ஜன்னலோர நாற்று

"இன்னிக்கும் நடல. சரியான நெஞ்சழுத்தக்கார மனுஷன்!"

சமையலறை ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள் அவள்.

"யாரு?" என்றார் கணவர்.

"வேற யாரு? எதிர்த் தோட்டத்து வானிலை அண்ணன்தான்."

'வானிலை' ஊர் வைத்த பெயர். பதினோரு வருஷமாக அவர் தக்காளி நட்ட பிறகு ஒரு நாள்கூட நாற்றைக் கருக்கும் உறைபனி விழுந்ததில்லை. அவர் மண்ணில் கை வைத்தால்தான் ஊரே கை வைக்கும். அவளும்தான்.

இந்த வருஷம் வானத்துக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. திங்கட்கிழமை மண்டையைப் பிளக்கும் வெயில். செவ்வாய்க்கிழமை ஆலங்கட்டி. புதன்கிழமை ஒன்றுமே தெரியாத மாதிரி மறுபடி வெயில்.

வழக்கமாக நடவுக்கு நாலு நாள் முன்பே நாற்றுத் தட்டுகளை வாசல்படியில் வைத்து வெயில் காட்டுவாள். இந்த முறை பயத்தில் அதுகூடச் செய்யவில்லை. உள்ளேயே கிடந்த நாற்றுகள் ஒட்டடைக்குச்சியாக வளர்ந்து, ஜன்னல் கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு நின்றன. இன்னும் இரண்டு நாள் போனால் குப்பைக்குத்தான். நாற்று போனால் இந்த வருஷம் சந்தைக்குக் கொண்டுபோக ஒன்றும் இருக்காது.

"அவருக்காக ஏன் காத்திருக்கே? நீயே நடேன்."

"நட்டதும் பனி கொட்டினா? உங்க தலையிலயா கொண்டுபோய் நடுறது?"

"நட்டுப் பாரு. இங்கயாவது ஏதாச்சும் முளைக்கட்டும்," என்று வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"நேத்துக் கேட்டுட்டு வரச் சொன்னேனே, என்ன சொன்னார்?"

"'இன்னும் ஆபத்து போகல'ன்னார். எப்படித் தெரியும்னேன். 'எனக்குன்னு ஒரு அறிகுறி இருக்கு, அதை வெளிய சொல்றதில்ல'ன்னுட்டார்."

அவளுக்குக் கோபம் வந்தது.

"சொன்னா வாய் தேஞ்சு போயிடுமா? அங்க பாருங்க, டீயும் கையுமா வேலியோரம் நின்னுக்கிட்டு நம்ம வீட்டையே பார்க்கிறதை! தினமும் இதே வேலை. நம்ம நாத்து சாகிறதைப் பார்க்க அவ்வளவு ஆசை!"

"அடியே, இரு..."

அதற்குள் அவள் பாத்திரம் துலக்கிய கையோடு வேலிக்குப் போய்விட்டாள்.

"ஏன்ணே, உங்களுக்கே இது நல்லா இருக்கா? எப்ப நடலாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என் நாத்தெல்லாம் வீணாப் போகுது!"

"என் நாத்து மட்டும் என்ன வாழுது?" அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "நானும் பத்து நாளாப் பார்க்கிறேன். நீ ஏம்மா இன்னும் தட்டை வாசல்ல வைக்கல?"

"நானா? நீங்க பயப்படுறதைப் பார்த்துத்தான் நான் வைக்கல!"

அவர் கையிலிருந்த டீ தளும்பிச் செருப்பில் கொட்டியது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, வேலிமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே, தங்கச்சி. எனக்கு வானமும் தெரியாது, மேகமும் தெரியாது. இந்த ஊர்ல உன்னை மாதிரி பயந்தாங்கொள்ளி வேற யாரும் கிடையாது. நீயே துணிஞ்சு தட்டை வெளிய வச்சிட்டா, இனிமே பனி வராதுன்னு அர்த்தம். பதினோரு வருஷமா உன் வாசல்படியைப் பார்த்துத்தான் நடுறேன். போ, சீக்கிரம் போய் எடுத்து வை. ஊரே என்னை நம்பிக் காத்துக்கிட்டிருக்கு!"