கடிக்க வர்ற நாய்

நாய் பிடிக்கிறவர் வலையோடு வாசலுக்கு வந்து நின்றார். அவரை வரச் சொன்னது கணவன்தான்.

"தெருநாய் சார். இவ ரொட்டித்துண்டைப் போட்டுப் பழக்கிட்டா. இப்போ வீட்டுக்காரன் மாதிரி நடுக்கூடத்துல படுத்துக்கிட்டு, என்னையே கடிக்க வருது!"

"இந்த வலை வாசப்படியைத் தாண்டாது," என்று மனைவி கதவை மறித்து நின்றாள்.

நாய் அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, வலை பிடித்திருந்த கையை நக்கி வாலாட்டியது.

"இதா கடிக்கும்? பச்சப்புள்ள மாதிரி இருக்கே சார்."

"எல்லாம் நடிப்பு! என்கிட்ட மட்டும்தான் உறுமும்."

"எங்கே, உறுமட்டும் பார்ப்போம். வெறிநாயா இல்லையான்னு பார்க்காம நான் பிடிக்க முடியாது."

கணவன் நாயை முறைத்தான். சூ, சூ என்று விரட்டினான். காலால் தரையை ஓங்கி உதைத்தும் பார்த்தான். நாய் கொட்டாவி விட்டது.

"அதுக்கெல்லாம் அது உறுமாதுங்க."

மனைவி முன்னால் வந்து, கன்னத்தை மறைத்திருந்த முடியை ஒதுக்கினாள். அங்கே ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"தினமும் ஓங்குவீங்களே, அதே மாதிரி இவர் முன்னாடி என்மேல கையை ஓங்குங்க. தானா உறுமும்."