நாலாவது கிளாம்ப்

கிளாம்ப்பை இன்னொரு சுற்று முறுக்கினேன். மாப்பிள்ளை "ஐயோ!" என்று அலறினான்.

பலகையின் மூன்று மூலைகளை மூன்று கிளாம்ப்புகள் மேசையோடு சேர்த்துப் பிடித்திருந்தன. நாலாவது மூலையை அவன் வலது கையால் அழுத்திக்கொண்டிருந்தான். நாலாவது கிளாம்ப்பை அங்கேயே போட்டேன், அவன் மணிக்கட்டையும் சேர்த்து.

மரவேலையில் இது பால பாடம். பெரிய துளை போடும்போது இறுக்கிப் பிடிக்காவிட்டால், டிரில்லின் பிட் மாட்டிக்கொண்டு பலகை பம்பரமாகச் சுற்றும். கை இருந்தால் கை போகும்.

அவன் என் தங்கை புருஷன். அவர்கள் வீட்டிலிருக்கும் வீடியோ கேம் பெட்டியில் தங்கையிடம் தோற்ற ஆத்திரத்தில், ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பொருத்திய பலகையைச் சுத்தியலால் உடைத்துவிட்டானாம். புதுப் பலகை செய்து மாட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்ததாம். இவளும் மூட்டை கட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட வேண்டுமாம்.

காலையிலிருந்து என் பட்டறையில் இதே பாட்டு.

"போர்டைத்தானேக்கா உடைச்சேன்? அதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

பெரிய மனுஷனாட்டம் ஒத்தாசைக்கும் வந்து நின்றான். நான் போட்டிருந்த பென்சில் கோடுகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். பட்டன்கள் வலது பக்கம் வரவேண்டும், நான் இடது பக்கம் வரைந்துவிட்டேனாம். இதுகூடத் தெரியாமல் என்ன மரவேலையோ என்றான்.

மூலையை நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

பிடித்தான். முறுக்கினேன்.

டிரில்லை ஓட்டினேன்.

முதல் துளை அவன் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தது. அடுத்தது இன்னும் கிட்டே. மரம் கருகிப் புகைந்தது. சிராய்கள் தெறித்து அவன் புறங்கையில் குத்தி நின்றன. ரத்தம் மெல்லிசாகக் கோடு போட்டது.

கெஞ்சினான். என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். மேசையை எட்டி உதைத்தான். மேசை என் கையால் செய்தது, அசையவில்லை.

பிட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். ஆசையாகத்தான் இருந்தது. எனக்குள் இப்படி ஒருத்தி இருப்பாள் என்று யார் கண்டது?

உள்ளறைக் கதவு திறந்தது. தங்கை வந்தாள்.

அவனுக்கு உயிர் வந்துவிட்டது. அக்காவிடம் சொல்லடி, அவிழ்த்துவிடச் சொல்லடி, வீட்டுக்குப் போகலாம் வாடி என்று கத்தினான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள். இடது கை விரல்களைத் துளைகளின்மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தன.

வலது கையில் விரல் நுனிவரை மாவுக்கட்டு.

அதை அவன் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறான். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டியே பார்க்காத புண்ணியவான்.

அவன் பொய் சொல்லவில்லை. பலகையைத்தான் உடைத்தான். சுத்தியல் விழுந்தபோது அதன்மேல் இவள் கை இருந்ததைத்தான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னும் ஒரே ஒரு துளை பாக்கி. அதற்கான பென்சில் புள்ளி, அவன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது.

தங்கை என் கையிலிருந்து டிரில்லை வாங்கிக்கொண்டாள். விசையை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். அது உறுமியது.

"இடது கை எனக்கு இன்னும் சரியாப் பழகலங்க," என்றாள் அவனிடம். "ஆடாம இருங்க."