கேட்காமல் சாப்பிடலாம்

"இந்த ஆப்பிளுக்குத் தலையைச் சீவினது யாரு?"

சபை மூப்பர் நம்குங் துணி மூட்டையை அவிழ்த்து, அடுக்குப் பெட்டியின் மேல்தட்டைத் திறந்த கையோடு கேட்டார்.

எதிரே தரையில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா க்வோன் அவிழ்ந்த துணியை நீவிவிட்டார். மகள் மிரான்தான் முந்திக்கொண்டாள்.

"கத்தி பட்டிருக்கும்ப்பா. எடுத்துக்குங்க."

"படைக்கிற பழத்துக்குத்தான் தலையைச் சீவுவாங்க. முளைப்பயறுல மிளகாய் இல்ல, பூண்டு இல்ல. ஆவிகளுக்கு ஆகாதுன்னு போடாம விட்டிருக்கு. சடங்குக்குப் பேர்போன ஆன்டோங்ல பொறந்தவனுக்கு இது தெரியாதா? முன்னோருக்குப் படைச்ச சாப்பாடு இது."

அவருடைய தாத்தா அந்த ஊரில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர். வீட்டில் வைத்து வணங்கும் முன்னோர் பெயர்ப்பலகைகளை எரித்ததற்காகக் குலத்தார் அவரை ஒதுக்கி வைத்தார்கள். அவர் தலை குனியவில்லை. அன்று முதல் படையல் சாப்பாடு அந்த வீட்டில் நுழைந்ததில்லை.

ஆனால் பெட்டியைத் திருப்பி அனுப்புவதும் லேசான காரியம் இல்லை. மிரான் க்வோன் அம்மா வீட்டின் மூத்த மருமகள். படையலுக்கு முன்னால் விழுந்து வணங்க மாட்டேன் என்று அவள் சொன்னதை மாமியார் பொறுத்துக்கொண்டவர். அவரே முதல்முறையாகச் சுமந்து வந்த பெட்டி நிறைந்தபடியே திரும்பினால், இனி அந்த வீட்டில் மிரானால் நிமிர்ந்து நடமாட முடியாது.

மனைவியை இழந்த மூப்பருக்குத் துணையாக அதே வீட்டில் இருந்தார் தம்பி சங்வூக். அவர் கையில் சாப்பாட்டுக் குச்சிகள் தயாராக இருந்தன.

"ஏன் அண்ணா, வேதத்துல எருசலேம் சபை எழுதி அனுப்பினதைத்தானே சொல்றீங்க? படைச்சதைத் தொடாதேன்னு?"

"அதேதான்."

"அதே வரியில ரத்தத்தையும் தொடாதேன்னு இருக்கே! முந்தாநாள் சந்தையில ரத்தம் அடைச்ச பன்னிக்குடல் ரெண்டு தட்டு உள்ள போச்சே, அது எந்தக் கணக்கு?"

மிரான் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது வேற." மூப்பர் முதுகை இன்னும் நிமிர்த்தினார். "ரத்தம் யூதருக்கு ஆகாது. அவங்களும் மத்தவங்களும் ஒரே பந்தியில உக்காரணுமேன்னு அன்னிக்குப் பண்ணின ஏற்பாடு. இன்னிக்கு நம்ம பந்தியில யூதர் யாரு?"

"அப்ப படையலும் அதே பந்திக்கான ஏற்பாடுதானே? ஒரு வரியில பாதியை அடிச்சிட்டுப் பாதியை வச்சுக்கறீங்களே!"

க்வோன் அம்மா ஆவலோடு முன்னால் நகர்ந்தார்.

"நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன் சம்பந்தி. எது அன்னிக்கு, எது இன்னிக்குன்னு எப்படிப் பிரிக்கிறீங்க? எங்க வீட்ல அந்தத் தலைவலியே இல்ல. மாமியார் செஞ்சாங்க, நானும் செய்யறேன்."

"காரணத்தைப் பாக்கணும் சம்பந்தியம்மா. பன்னி ஆகாது, இறால் ஆகாதுங்கறது அந்த ஜனத்துக்கு மட்டும் சொன்னது. அது முடிஞ்சுபோச்சு. வேற தெய்வத்தைக் கும்பிடாதேங்கறது எல்லாருக்கும், எப்பவும். காரணம் போனா சட்டமும் போகும். காரணம் இருந்தா நிக்கும்."

"அப்ப இந்த மீன் அடைக்குக் காரணம் நிக்குதா, போயிடுச்சா?"

மூப்பர் குனிந்து மீன் அடையைப் பார்த்தார். சங்வூக் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அதுக்குத்தான் அப்போஸ்தலர் பவுல் வழி சொல்லியிருக்காரேப்பா," என்றாள் மிரான். "ஒருத்தர் சாப்பாடு வச்சா எதுவும் கேக்காம சாப்பிடு. படைச்சதுன்னு யாராவது வாயால சொன்னா மட்டும், சொன்னவருக்காக விட்டுடு. அத்தை ஒண்ணுமே சொல்லலையே!"

"இதை எங்கிட்டயும் இவ சொல்லியிருக்கா," என்றார் க்வோன் அம்மா. "அதான் நான் வந்ததுலேர்ந்து அந்தப் பேச்சையே எடுக்கல. நீங்களும் கேக்காதீங்க சம்பந்தி. சூடு பண்ணின அடை ஆறிப்போகுது."

சங்வூக்கின் குச்சிகள் அடையை நெருங்கின. மூப்பர் பெட்டியை அப்பால் நகர்த்தினார்.

"கேக்காம தின்னுட்டு, தெரியாதுன்னு சொல்றதா? எங்க தாத்தா வீட்ல அந்தப் பழக்கம் இல்ல. எங்களுக்கு நினைவு நாள்னா ஒரு பாட்டு, ஒரு ஜெபம். அவ்வளவுதான். நான் நேராவே கேக்கறேன் சம்பந்தியம்மா, நீங்களும் நேராவே சொல்லுங்க. இது உங்க வீட்டு எந்தப் பெரியவருக்குப் படைச்சது?"

"அப்பா, வேணாம்ப்பா!"

க்வோன் அம்மா விரித்துக் கிடந்த துணியின் முனைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியின் மேல் எடுத்துப் போட்டார்.

"எங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இல்ல. அவங்க நினைவு நாளெல்லாம் போன மாசமே முடிஞ்சுது."

"பின்னே யாருக்கு?"

"நீங்க புதுக் காலண்டர் பாக்கறவங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பழைய சந்திரக் கணக்குல நேத்துதான் உங்க சம்சாரம் தவறின நாள். நீங்க பாட்டு மட்டும்தான் பாடுவீங்கன்னு இவ சொன்னா... அவங்க பசியோட இருப்பாங்களேன்னு எனக்கு மனசு கேக்கல சம்பந்தி."