மாதனூரில் நின்ற வண்டி

மாதனூரைத் தாண்டியதும் பூவரசன் காரை ஓரங்கட்டினான். போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“ஆபீஸா?” என்றார் பக்கத்தில் இருந்த அப்பா பெருமாள்.

“ஆமாப்பா.”

பின்சீட்டில் அம்மா வள்ளியம்மாள் பழத்தட்டை மடியில் பிடித்தபடி மணி பார்த்தாள். அணைக்கட்டில் பெண் வீட்டார், பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறப்பதற்குள் வந்துவிடச் சொல்லியிருந்தார்கள்.

பேசியது ஷர்மிளா. ஆறு மாதத்துக்கு முன் அவன் குழுவில் சேர்ந்தவள். பெங்களூரில் இருக்கும் கம்பெனி. துணியும் செருப்பும் விற்கிற வலைத்தளம். ஆம்பூரில் வீட்டிலிருந்தபடியே அதற்கு புரோகிராம் எழுதிக்கொடுத்து வந்தவன் பூவரசன். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் அவன்தான்.

“அண்ணா, பணம் கட்ற பக்கம் நின்னுபோச்சு. இன்னிக்கு ஆஃபர் வேற. வேற யாரக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியலண்ணா.”

பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள் போல. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனாலும் அழப்போகிறாள் என்பது தெரிந்தது.

பூவரசன் கதவைத் திறந்து இறங்கினான்.

வெயில் தார்ச்சாலையிலிருந்து மேலே ஏறி வந்தது. தோல் ஏற்றிய லாரி ஒன்று அவனை உரசுவதுபோல் கடந்து போனது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, புளியமரத்து நிழலுக்குப் போய் நின்றான். இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அப்படியே சாய்ந்துவிடலாம் போலிருந்தது.

மூடினான். தூக்கம் வரவில்லை. அவன் எழுதிய வரிகள்தான் ஒவ்வொன்றாக வந்தன.

“தள்ளுபடி கணக்கு போடற ஃபைல தொற. கீழ வா. இன்னும் கீழ. அங்க வெலைய சரிபாக்கற ஒரு செக் இருந்திருக்கணுமே?”

“இல்லண்ணா. நேத்து யாரோ எடுத்திருக்காங்க. தேவையில்லன்னு எழுதியிருக்கு.”

பொருளின் விலையைவிடத் தள்ளுபடி கூடிப்போனால் பணம் கட்டும் பக்கம் திணறி நின்றுவிடும். அப்படி ஆகாமலிருக்க அவன் சேர்த்திருந்த வரிகள் அவை. மனப்பாடமாக ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் அடித்தாள். ஓர் இடத்தில் தப்பாக அடித்து, திருப்பி அடித்தாள்.

அம்மா கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். “அந்த லேப்டாப்ப எடுத்தாந்திருக்கலாம் இல்ல? வெய்யில்ல நின்னு கத்திக்கினு கெடக்கற.”

பொறு என்று கையைக் காட்டினான்.

காருக்குள் அப்பா அணைக்கட்டுக்குப் போன் போட்டிருந்தார். இன்னும் ஒன்றுமே முடிவாகவில்லை. அதற்குள் சம்மந்தி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

“கொஞ்சம் லேட்டாவும் சம்மந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஞாயித்துக்கெழமன்னும் பாக்காம கூப்டறானுங்க. எம் பையன் இல்லன்னா அங்க ஒண்ணும் ஓடாது.”

பெருமாள் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் முப்பது வருடம் நின்றவர். அவர் போகாத நாளில் அந்த மெஷினில் இன்னொருவர் நின்றார். எங்கே இருக்கிறாய் என்று யாரும் அவரைத் தேடிப் போன் செய்ததில்லை. அதனால்தானோ என்னவோ, காக்கவைக்கிறானே என்ற கோபம் கொஞ்சமும் இல்லாமல், மகன் பேசுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வந்துடுச்சுண்ணா,” என்றாள் ஷர்மிளா. “ஓடுது.”

“சரிம்மா.”

“யாரு சரி பண்ணதுன்னு கேட்டா இன்னா சொல்றதுண்ணா?”

“நீதான்னு சொல்லு.”

“ஸாரிண்ணா,” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அவன் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “அடுத்த மாசம் சம்பளம் ஏத்திக் கேளு. சும்மா விடாத.”

குடித்துக்கொண்டிருக்கும்போதே போன் மறுபடி ஒளிர்ந்தது. ஹேமலதா. அணைக்கட்டில் இவர்களுக்காகச் சேலை கட்டிக்கொண்டு காத்திருக்கும் பெண்.

‘வீட்ல சொல்லிட்டீங்களா?’

முந்தின நாள் சாயங்காலம் அவனே அவளைக் கூப்பிட்டிருந்தான். வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நாங்கள் வரவில்லை என்றும் சொல்லியிருந்தான். அவள் யோசித்துவிட்டு, வாங்க என்றாள். ஆனால் எங்கள் வாசல் ஏறுவதற்குள் உங்கள் அப்பா அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றாள்.

வீட்டைப் பூட்டும்போது சொல்ல நினைத்தான். பெட்ரோல் போடும்போது நினைத்தான். மாதனூரில் வாயைத் திறந்தேவிட்டான். அப்போதுதான் போன் அடித்தது.

சாவியைத் திருகி, அதுவரை ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அணைத்தான்.

“அப்பா, வெள்ளிக்கெழமையோட என்ன வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. ஆள் ஜாஸ்தின்னு சொல்லிட்டாங்க. லேப்டாப்பையும் வாங்கிக்கினாங்க.”

பெருமாள் அவனைப் பார்த்தார். பிறகு அவன் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

“அப்ப இவ்ளோ நேரம் வெய்யில்ல நின்னுகினு யாருக்குடா வேல பாத்த?”

எதிரே வந்த பஸ் ஒன்று கடந்துபோனது. கார் லேசாக ஆடி நின்றது.

அம்மாதான் பேசினாள். “அணைக்கட்டுல தெரியுமா?”

“பொண்ணுக்குத் தெரியும். நேத்தே சொல்லிட்டேன்.”

“தெரிஞ்சும் வரச் சொல்லிச்சா?”

தலையை ஆட்டினான்.

“அப்பறம் இன்னா,” என்றாள் வள்ளியம்மாள். “வண்டிய எடு.”